இதய மேலறை உதறலும் ரண சிகிச்சையும்

பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் மகள் வீட்டில் வசிக்கும் நம் நெசவாள நண்பர் ஒருவர், மூன்றாம் மாடி ஏறுமுன் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கத் தொடங்கினார். வாயுக் கோளாறு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்தே ஓராண்டைக் கழித்தார். பின்னர் நாடி பார்த்த மருத்துவர் அது தாறுமாறாக ஓடுவதைக் கண்டு, ஈ.சி.ஜி. எடுத்து, இதய மேலறை உதறல் என்றார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று மருத்துவர்கள் வழங்குவது இதுவே. அவர் பட்டறிந்ததை அவருடைய அனுமதியோடு இம்மாதப் பாடமாகக் கொள்கிறோம்.

இதயத்தில் மேலறை இரண்டு, கீழறை இரண்டு. மிதியும் நாடாவும் முறை தவறாமல் ஒன்றையடுத்து ஒன்று இயங்கினால்தான் தறியில் துணி வளரும். அவ்வாறே மேலறை சுருங்கி, அடுத்துக் கீழறை சுருங்க வேண்டும். இதற்குரிய மின் துடிப்பு வலது மேலறையில் ஓரிடத்தில் பிறக்கிறது. உதறல் நோயிலோ, கட்டுக்கடங்காத துடிப்புகள் மேலறை முழுவதும் சுழன்று திரிகின்றன. அறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. இடது மேலறையோடு ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். படபடப்பைக் காட்டிலும் அஞ்சத்தக்கது இதுதான்.

நம் நண்பருக்கு மூல காரணம் இளமையில் வந்த ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டு வீங்கி வரும் அக்காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. (குழந்தைகளின் தொண்டை வலியை அற்பமென்று விடும் பெற்றோர் இதைக் கவனிப்பார்களாக.) எனவே வால்வை மாற்றுவதோடு உதறலுக்கும் சேர்த்தே ரண சிகிச்சை செய்வதென முடிவாயிற்று.

உதறலுக்குரிய இம்முறையை 1987இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காக்ஸ் என்ற அறுவை மருத்துவர் தொடங்கினார். மேஸ் என்பது அதன் பெயர். பயிரிடுவோர்க்கு இது எளிதில் விளங்கும். வரப்பில்லாத நிலத்தில் நீர் கண்டபடி பாயும். வரப்பிட்டு மடை வைத்தால் நாம் விரும்பும் வழியில் செல்லும். மருத்துவர் மேலறைச் சுவரில் வடுக்களால் வரப்பிடுகிறார். வடுவைத் தாண்டி மின்சாரம் பாயாது. காக்ஸ் முதலில் வெட்டித் தைத்தார். இன்று பெரும்பாலும் மின்வெப்பத்தாலோ கடுங்குளிராலோ அவ்வடுக்களை உண்டாக்குகிறார்கள். கட்டி உறையும் அச்சிறு பையையும் அடைத்துவிடுவார்கள். வேறு இதய அறுவைக்கு வந்த உதறல் நோயாளர் 4,700க்கு மேற்பட்டோரிடம் நடந்த, 2021இல் வெளியான ஆய்வில், பை அடைக்கப்பட்டவர்களிடம் பக்கவாதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் தொடர்ந்து உண்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

அறுவைக்குப் பின் நேர்ந்தவற்றை நண்பர் ஒளிக்காமல் கூறினார். மார்பெலும்பு கூட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை குடம் தூக்கலாகாது, தறியில் பலகை இழுக்கலாகாது. காரணமின்றி அழுகை வந்ததாம். உலோக வால்வு இரவின் அமைதியில் கடிகாரம் போல ஒலித்தது, உறங்கவிடவில்லை, நாளடைவில் பழகிற்று. மூன்றாம் வாரம் படபடப்பு மீண்டபோது, செய்ததெல்லாம் வீண் என்று மனமுடைந்தார். முதல் மூன்று மாதத்தில் இவ்வாறு வருவது பலருக்கும் உண்டு, அதனால் மட்டும் சிகிச்சை தோற்றதாகக் கொள்ளலாகாது என்று எவரேனும் முன்பே சொல்லியிருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்! மேலறை மிக விரிந்தவர்க்கும் பல்லாண்டு உதறல் உடையவர்க்கும் இம்முறை பலிப்பது குறைவு என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். சிலருக்குப் பேஸ்மேக்கர் கருவியும் தேவைப்படும்.

ஆறாம் மாதம் மாடிப்படி எளிதாயிற்று. உடம்பு நன்றாக இருக்கையில் மாத்திரை எதற்கு என்று எவரிடமும் கேளாமல் நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் காலை பேச்சு குழறி, வலக்கை துவண்டது. மகள் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்த்தமையால் உயிர் பிழைத்தார். கை பெரும்பாலும் மீண்டது. ஆனால் அறுந்த பாவிழையைப் பிணைக்க விரல் இன்றும் இணங்கவில்லை.

உலோக வால்வு பொருத்தியவர் உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுதும் உண்ண வேண்டும். அளவு சரிதானா என்பதை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். முருங்கைக்கீரை முதலியவற்றை அறவே ஒழிக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டால் போதும். ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்பதே மருந்தின் வேலையைக் குலைக்கும். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ மருத்துவரைக் கேளாமல் சேர்க்கலாகாது. புதிய மாத்திரை வந்துள்ளதே, பரிசோதனை வேண்டாமே என்பார் உளர். ருமாட்டிக் வால்வு நோயோடு உதறல் உடையவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பழைய வார்ஃபரின் வகையே மேலெனத் தெரிந்தது. உலோக வால்வுக்கும் அதுவே உரியது.

செலவு பற்றி ஒரு சொல். கர்நாடகத்தில் 2003இல் செயற்பட்ட யசஸ்வினித் திட்டத்தில், கூட்டுறவு உறுப்பினர்கள் மாதம் ஐந்து ரூபாய் அளவில் செலுத்தியே இதய அறுவை வரை பெற்றனர். அது 2018இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டு, 2022இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெறுகிறது. வால்வு மாற்றம் அதில் அடங்கும். உதறலுக்கான சிகிச்சையைச் சேர்த்துச் செய்யத் தனிச் செலவு உண்டா என்று சேருமுன்னரே கேட்டறிக. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, பழைய ஈ.சி.ஜி. தாள்கள், தற்போது உண்ணும் மாத்திரைகளின் உறை ஆகியவற்றை ஒரே பையில் இட்டு எடுத்துச் செல்க.