நிரலுக்கு உரை வரைவார் யார்?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று என்பது சிறாரும் அறிந்ததே. கணினியோ ஐந்து என்னும். யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனியே எண் பெறுதல் இதற்குக் காரணமாம். நம் மரபுப்படி எழுத்தெண்ணும் ஆயத்த நிரல்கள், பைதான் மொழிக்கென அமைந்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் தொகுப்பில் உள்ளன. எவரும் விலையின்றி எடுத்தாளலாம், திருத்தவும் செய்யலாம். இவற்றையே திறந்தமூல நிரல் தொகுப்புகள் என்கிறோம்.

இவ்வாறான தொகுப்பில் எந்த நிரல் எதற்கு உரியது, எதனை இட்டால் எது கிடைக்கும் என்னும் விளக்கம் இல்லையேல், புதியவர் ஐந்து என்னும் விடையையே நம்பி மேற்செல்வர். 2017-இல் கிட்ஹப் நிறுவனம் நடத்திய ஆய்வில், குறைபட்ட அல்லது காலங்கடந்த விளக்கங்களைக் கண்டதாகக் கூறியோர் 93 விழுக்காட்டினர். அவ்விளக்கத்தை எழுதுங் கடன் யாருடையது?

தமிழில் இரு வழக்கும் உண்டு. இலக்கணக் கொத்து, பிரயோக விவேகம் ஆகியவற்றுக்கு இயற்றியோரே உரையும் கண்டனர். தொல்காப்பியத்திற்கோ, பல நூற்றாண்டுகள் கழித்தே இளம்பூரணர் உரை வாய்த்தது. சேனாவரையர் சொல்லதிகாரத்திற்கு மட்டுமே எழுதினார். நிரலுக்கு அத்துணைக் காலம் காத்திருக்க இயலாது. ஓராண்டிலேயே அது உருமாறிவிடும்.

ஊதியமின்றி ஆக்கித் தருபவரிடம் உரையும் கேட்பது முறையோ எனச் சிலர் வினவுவர். வினா நேர்மையானதே. ஆயினும், நிரலின் நோக்கத்தையும் அதன் எல்லையையும் ஆக்கியோனன்றிப் பிறர் உறுதியாகச் சொல்லல் அரிது. எனவே முதற் குறிப்பு அவர் கடனே; நிரலை மாற்றும்போதெல்லாம் குறிப்பையும் மாற்றுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

எனினும் அவர் காணாத ஒன்று உண்டு. நம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்வதை மீனவர் நன்கறிவர். எவ்விடத்தில் படகு தட்டும் என்பதை, துறைமுகம் அமைத்த பொறியாளரினும் அன்றாடம் கடலேறித் திரும்புவோரே முதலில் உணர்வர். நிரலிலும் அவ்வாறே. தடுமாறிய இடத்தைப் பயன்படுத்துவோர் எழுதியனுப்ப வேண்டும். ஆக்கியோர் அதனைச் சரிபார்த்து ஏற்க வேண்டும். சரிபாராத குறிப்பு இல்லாத குறிப்பினும் தீங்கானது.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. உயிர்மெய், ஆய்தம், கிரந்த எழுத்து ஆகியவற்றை ஒரு நிரல் எவ்வாறு கொள்கிறது என ஆராய, எழுத்ததிகாரம் பயின்றோரே தக்கார். கணினித்துறை மாணவர் ஒருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் சேர்ந்து, பருவத்திற்கு ஒரு நிரலைச் சோதித்து, எடுத்துக்காட்டுடன் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆக்கியோர்க்கு அனுப்பலாம். எழுத்தெண்ணும் நிரலிலிருந்தே தொடங்கலாம்.