நோயாளியின் கதை சொல்லி ஹாஸ்பிஸுக்கு நிதி திரட்டுவது எப்படி? தொடக்கநிலையினருக்கு முழுமையான வழிகாட்டி

போலந்திலிருந்து அகதியாக வந்து லண்டன் உணவகத்தில் வேலை பார்த்த டேவிட் டாஸ்மா, 1948-இல் புற்றுநோயால் இறந்தார். மரணத்தை நெருங்குபவர்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்று தன்னோடு பேசிவந்த சிசிலி சாண்டர்ஸுக்கு 500 பவுண்டு விட்டுச்சென்றார். 1967-இல் சாண்டர்ஸ் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகும் டாஸ்மாவின் கதையை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு நோயாளியின் கதைக்கு அவ்வளவு வலு உண்டு. அதனாலேயே அதைக் கையாள ஒழுங்கும் வேண்டும். உங்கள் ஊரில் வீடு தேடிச் சென்று பராமரிக்கும் சிறு அறக்கட்டளையையோ பத்துப் படுக்கை இல்லத்தையோ நடத்துகிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான்.

படி 1: கதைக்கு முன் கணக்கு

எதற்குப் பணம் என்று தெரியாமல் கதை தேடக் கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு முறை போய்வர ஆகும் செலவை எழுதுங்கள்: வண்டி எரிபொருள், செவிலியர் சம்பளம், கட்டுத்துணி, மருந்து. தண்ணீர்ப் படுக்கை, பெரியவர்களுக்கான டயப்பர் போன்றவற்றைத் தனியாக எழுதுங்கள். “உதவுங்கள்” என்றால் கொடுப்பவருக்கு ஒன்றும் புரியாது. “ஒரு வீட்டுக்கு ஒரு மாதப் பராமரிப்பு, இவ்வளவு ரூபாய்” என்றால் புரியும்.

படி 2: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது

முதலில் செவிலியரிடம் விசாரியுங்கள். வீட்டு நிலைமை அவருக்குத்தான் தெரியும். வலி அடங்காத நாளில், முதல் சந்திப்பில், குடும்பம் கலங்கி நிற்கும்போது கதை கேட்கவே கூடாது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லலைங்க, வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம்” என்று மகன் வாசலிலேயே சொல்லிவிடுவார். நோயாளிக்கே தெரியாத நோயை ஊருக்கு அறிவிக்கும் கதை வேண்டவே வேண்டாம். அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கட்டு மாற்றுகிறவரே ஒப்புதல் வாங்கவும் கூடாது. மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்ற பயம் நோயாளிக்கு வரும். வேறொருவர் போய், “வேண்டாம்னு சொன்னாலும் சிஸ்டர் எப்பவும்போல வருவாங்கய்யா” என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

படி 3: ஒப்புதல் வாங்குங்கள்

படிவம் தமிழில் இருக்கட்டும். வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்மதம் தேவை:

- பெயர் போடலாமா, மாற்றுப் பெயரா?
- முகம் தெரியும் படம் எடுக்கலாமா?
- அச்சில் மட்டுமா, வாட்ஸ்அப், யூடியூபிலுமா?
- எவ்வளவு காலம் பயன்படுத்தலாம்?
- அவர் காலத்துக்குப் பிறகு முடிவெடுப்பவர் யார்?

எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் எழுதுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த உரிமை இடம்பெற்றுள்ளது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. பெயரை மாற்றிவிட்டுத் தெருவையும் தொழிலையும் எழுதினால், சிற்றூரில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு டீக்கடை போதும். அவற்றையும் மாற்றுங்கள். மாற்றியிருப்பதாகக் கதையின் அடியில் குறிப்பிடுங்கள்.

படி 4: கேளுங்கள், குறுக்கிடாதீர்கள்

“எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?” என்று கேட்டால் அழுகைதான் வரும். “நாங்கள் வரத் தொடங்கிய பிறகு என்ன மாறியது?”, “இப்போது ராத்திரி தூக்கம் எப்படி?”, “உங்களுக்குப் பிடித்த வேலை எது?” என்று கேளுங்கள். கவனித்துக்கொள்ளும் மனைவியையோ மருமகளையோ தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். பாதிக் கதை அவர்களிடம்தான் இருக்கும்.

படி 5: எழுதுங்கள்

மாதிரிக்காக நாங்களே புனைந்த ஒன்று:

“தறி ஓட்டியவர். கன்னத்தில் புற்றுப்புண். அதன் வாடையால் பேத்தி அவர் பக்கமே வராமலிருந்தாள். எங்கள் செவிலியர் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, கட்டு மாற்ற மருமகளுக்குக் கற்றுக்கொடுத்தார். சில நாட்களில் வாடை அடங்கியது. இப்போது பேத்தி தாத்தா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நோய் குணமாகாது. அவர் தனியாக இல்லை.”

இதில் என்ன சிகிச்சை, என்ன மாற்றம் என்பது தெரிகிறது. பொய் நம்பிக்கை இல்லை. இதன் கீழே படி 1-இல் போட்ட கணக்கைச் சேருங்கள். பணம் இவருக்கு மட்டுமல்ல, இவரைப்போன்ற எல்லோருக்கும் என்பதையும் எழுதுங்கள். “மரணத்தோடு போராடும்”, “கண்ணீரை வரவழைக்கும்” போன்ற தலைப்புகள் வேண்டாம். படத்தில் புண்ணும் குழாயும் வேண்டாம். கட்டிலோரம் பேசும் இருவர் போதும். அச்சுக்கு முன் நோயாளிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.

படி 6: பக்கத்து ஊரிலிருந்து தொடங்குங்கள்

1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி (பாலியேட்டிவ் கேர்), பிறகு கேரளமெங்கும் பரவியது. பெரிய புரவலர்களை மட்டும் நம்பாமல், அக்கம்பக்கத்தார் மாதாமாதம் தரும் சிறு தொகைகளைக் கொண்டு அங்குள்ள குழுக்கள் நடந்தன. நம் ஊரிலும் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் அன்னதானம் செய்யும் பழக்கம் இருக்கிறது. “அம்மா நினைவு நாளில் ஒரு நாள் வீட்டுப் பராமரிப்புச் செலவு உங்களுடையது” என்று கேளுங்கள். கடை உண்டியல், நடைப்பயிற்சிக் குழு, பள்ளி ஆண்டு விழா எல்லாம் நல்ல இடங்கள். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ் நாள். அன்று கூட்டம் நடத்தலாம். தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. “அதுதான் அரசே செய்கிறதே” என்பார்கள். அதற்கு மேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

படி 7: ரசீதும் நன்றியும்

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். நன்கொடையாளருக்கு, 80ஜி என்று அறியப்படும் வரிச்சலுகைக்கான அனுமதி இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன்அனுமதியோ வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் அனுப்பினாலும் இதே விதிதான். தணிக்கையாளரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில மாதங்களில், எத்தனை வீடுகளுக்குப் போனீர்கள், எவ்வளவு மீதி என்று கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள்.

கதை சொன்னவர் இறந்துவிட்டால் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். கதை தொடரலாமா என்று மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால், எவ்வளவு நிதி தந்த கதையானாலும் அன்றே எடுத்துவிடுங்கள். நன்கொடையாளர் இன்னொருவர் கிடைப்பார், அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை போனால் ஊரில் அடுத்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.