வெள்ளம் வந்தால் முதலில் யாரை அழைப்பது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தெருவில் தண்ணீர் ஏறினால் எங்களை மீட்க யார் வருவார்கள்?” ஆரஞ்சு உடை அணிந்த வீரர்களும் ரப்பர் படகுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அந்தப் படை, உள்ளூர் ஏற்பாடுகள் போதாத நிலையில் வருவது. முதலில் உங்கள் வாசலுக்கு வருபவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் (வி.ஏ.ஓ.) கிராம உதவியாளரும்தான். நகரம் என்றால் வார்டு அளவிலான பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும். இவர்களை மழைக்கு முன்பே அறிந்து வைத்திருப்பது, ஆபத்து நேரத்தில் பத்து எண்களை மாற்றி மாற்றி அழைப்பதைவிடப் பயன் தரும்.

2004 சுனாமிக்கு மறு ஆண்டு நிறைவேறிய பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டப் பொறுப்பை ஆட்சியர் தலைமையிலான ஆணையத்திடம் ஒப்படைத்தது. லாரி, படகு, மண்டபம் எதுவானாலும் மீட்புப் பணிக்கு எடுத்துக்கொள்ள அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதன் கீழே கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ. என்று வருவாய்த் துறையின் வரிசை இறங்குகிறது. மழைக்கு முன்பே காவல், தீயணைப்பு, நீர்வளம், சுகாதாரம், மின்வாரியம் ஆகிய துறைகளிலிருந்து ஆள் சேர்த்து மண்டலக் குழுக்கள் அமைக்கப்படும். நிலைமை கைமீறும் என்று தெரிந்தால்தான் அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படை அழைக்கப்படுகிறது.

மண்டலக் குழுக்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். தண்ணீர் தேங்கும் இடங்களை ஐந்து அடிக்கு மேல், மூன்று முதல் ஐந்து அடி, இரண்டு முதல் மூன்று அடி, இரண்டு அடிக்குக் கீழ் என நான்காகப் பிரித்திருப்பார்கள். உங்கள் தெரு எந்தப் பிரிவில் வருகிறது, உங்களுக்கான முகாம் எந்தப் பள்ளி என்பதை வி.ஏ.ஓ. அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

எச்சரிக்கைகளையும் சரியாகப் படிக்க வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள். அந்த ‘மேல்’ எதுவரை போகும் என்பதற்கு வரம்பில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கப்பல்களுக்கான அறிவிப்பு. 11-ஆம் எண் கூண்டு ஏறினால் 10-ஐ விடப் பெரிய புயல் வருகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதையே அது குறிக்கிறது.

ஆற்றங்கரையில் வசிப்பவர்கள் வானத்தைவிட அணையைக் கவனிப்பது நல்லது. வைகை அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் ராமநாதபுரம் வரை கரையோர ஊர்களுக்கு அப்போது தகவல் போகும். உங்கள் ஊரில் மழையே இல்லாவிட்டாலும் வெள்ளம் வரலாம் என்பதை இங்கே மனத்தில் கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் திறந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் புகுந்தது. முதல் எச்சரிக்கை வந்ததுமே முதியோரையும் குழந்தைகளையும் மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மூன்றாவது வரட்டும் என்று காத்திருந்தால் இருட்டில் கிளம்ப நேரும்.

“நாற்பது வருஷமாக இங்கே தண்ணீர் வந்ததில்லை” என்று சொல்லி முகாமுக்குப் போக மறுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பல நேரங்களில் தயக்கத்துக்கு உண்மையான காரணம் வீட்டுப் பொருளும் ஆடுமாடும்தான். ஆகவே பகலிலேயே மாடுகளை அவிழ்த்து மேட்டில் கட்டுங்கள். தொழுவத்தில் கட்டிய கயிற்றோடு விட்டுவிடாதீர்கள். பட்டா, ஆதார், குடும்ப அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கையில் இருக்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

உதவி கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, சென்னை மாநகராட்சி 1913. மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987. பெங்களூரில் இருக்கும் மகன் கடலூர் அம்மாவுக்காக அழைத்தால் 1077-க்கு முன் 04142 என்ற எஸ்.டி.டி. குறியீட்டைச் சேர்க்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பதற்றம் புரியும். ஆனால் அவருக்குத் தேவை விவரம். “பள்ளிவாசலுக்குப் பின் இரண்டாவது சந்து, மாடியில் ஐந்து பேர், ஒருவர் படுத்த படுக்கை, வாசலில் இடுப்பளவு தண்ணீர்” என்று சொன்னால் படகா, டிராக்டரா, ஸ்ட்ரெச்சரா என்பதை அவர் உடனே முடிவு செய்வார்.

சில குறுக்கு வழிகளை அறவே விடுங்கள். தெருத் தண்ணீர் வடியட்டும் என்று பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள். கலங்கிய நீரில் அந்தக் குழி அடுத்து வருபவருக்குத் தெரியாது. ஏரிக்கரையையோ சாலையையோ நீங்களாக வெட்டினால், உங்கள் வயல் தப்பி அடுத்த ஊர் மூழ்கலாம்; எங்கே வெட்டுவது என்று நீர்வளத் துறைப் பொறியாளர் நிலமட்டம் பார்த்துச் சொல்லட்டும். புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். ஓய்ந்துவிட்டது என்று வெளியே வந்தால், எதிர்த் திசையிலிருந்து அடுத்த காற்று அடிக்கும். “ஏரி உடைந்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை, கட்டுப்பாட்டு அறையில் கேட்டு உறுதி செய்யாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பொய்யென்று தெரிந்தே பீதியைப் பரப்பினால் பேரிடர் சட்டப்படி ஓராண்டு வரை சிறை உண்டு.

தண்ணீர் வடிந்ததும் உடனே வீட்டைக் கழுவத் தோன்றும். அதற்கு முன், சுவரில் நீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுங்கள். இறந்த கால்நடையைப் புதைக்கும் முன் வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் கொடுங்கள்; சான்று இல்லாவிட்டால் நிவாரணம் கிடைப்பது கடினம். நனைந்த சுவிட்சுகளை எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை மின்சாரம் வேண்டாம். கிணறும் கீழ்நிலைத் தொட்டியும் குளோரின் இட்டுச் சுத்தம் செய்யப்படும் வரை, கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடியுங்கள்.