வெந்துபோகுமா எலும்பு?

"காலுக்குள்ள சிமெண்ட் வெச்சிருக்காங்களாம்" என்று ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி, "சுடுமாமே, எலும்பு வெந்துடாதா?" என்பதாகத்தான் இருக்கும். எலும்புக் கட்டி அறுவை முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டிலோ நேர் எதிரான ஆறுதல் ஓடும்: "நல்லதுதானே, அந்தச் சூட்டுல மிச்சம் இருக்கிற கட்டியெல்லாம் கருகிடும்." ஒரே சூடு ஒருவருக்கு எமன், இன்னொருவருக்கு மருந்து. இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இதற்கும் கொத்தனார் குழைக்கும் சிமெண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது. இது அக்ரிலிக் பிளாஸ்டிக். பல் செட் செய்கிற பொருளின் உடன்பிறப்பு. 1950களின் இறுதியில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு இதைக் கையில் எடுத்தபோது, யோசனை வந்ததும் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த டென்னிஸ் ஸ்மித்திடமிருந்துதான். தூளையும் திரவத்தையும் கலந்தால் மாவுபோலக் குழையும், கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். இறுகும்போது சூடாகும்.

எவ்வளவு சூடு? வழக்கமான ஒரு பொதியில் 40 கிராம் தூளும் 20 மில்லி திரவமும் இருக்கும். அந்தத் திரவம் முழுதும் இறுகினால் வெளிவரும் வெப்பம் ஏறக்குறைய 10 கிலோஜூல். ஒரு சின்ன டம்ளரில் 100 மில்லி தண்ணீர் எடுத்து, அதைச் சுமார் 25 டிகிரி சூடேற்றப் போதுமான வெப்பம், அவ்வளவே.

நம்பிக்கை: சிமெண்ட் 90 டிகிரி சுடும், அது அப்படியே எலும்பில் ஏறும்.

இந்த 90 எங்கிருந்து வந்தது தெரியுமா? எலும்பு சிமெண்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 5833, ஆய்வக அச்சில் ஊற்றிய சிமெண்டுக்கு விதித்திருக்கும் உச்ச வரம்பு அது. அச்சில் ரத்தமும் இல்லை, ஈர எலும்பும் இல்லை. இடுப்பு மூட்டு அறுவையில் எலும்பும் சிமெண்டும் தொடும் இடத்தில் எடுத்த அளவுகள் பெரும்பாலும் 40 முதல் 56 டிகிரிக்குள் நிற்கின்றன. அங்கே சிமெண்ட் சில மில்லிமீட்டர் கனமுள்ள பூச்சு மட்டுமே.

கட்டி அறுவையில் கதை வேறு. முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில், 20 முதல் 40 வயதுக்காரர்களிடம் அதிகம் வருவது ஜெயன்ட் செல் கட்டி. பெரும்பாலும் புற்றல்ல, ஆனால் எலும்பைக் கரையான்போல அரிக்கும். அதைச் சுரண்டி எடுத்தபின் மிஞ்சும் குழியைச் சிமெண்ட் உருண்டை ஒன்று நிரப்புகிறது. உருண்டையின் ஆரம் 1 சென்டிமீட்டரிலிருந்து 2 ஆனால் பிறக்கும் வெப்பம் எட்டு மடங்கு. அது வெளியேற வேண்டிய மேற்பரப்போ நான்கு மடங்குதான். பெரிய குழியில் சூடு தங்கும்.

கணினி மாதிரி தேவைப்படுவது இங்கேதான். உயிருள்ள மனிதரின் எலும்பில் இருபது இடத்தில் வெப்பமானி குத்த முடியாது. ஆகவே எலும்பையும் சிமெண்டையும் கணினியில் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டுக்கு எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறார்கள். இதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். சிமெண்ட் சூடாகச் சூடாக இறுகும் வேகமும் கூடும், வேகம் கூடினால் சூடும் ஏறும். இந்தச் சங்கிலியையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

நம்பிக்கை: மிச்சமிருக்கும் கட்டியைச் சூடே எரித்துவிடும்.

எலும்பு சாவது டிகிரியால் மட்டுமல்ல, அந்தச் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதாலும்தான். ஸ்வீடனில் எரிக்சனும் ஆல்பிரெக்சனும் முயலின் கால் எலும்பில் கண்ணாடிச் சாளரம்போல ஒன்றைப் பொருத்தி நுண்ணோக்கியில் பார்த்து, 1983இல் சொன்ன எல்லை 47 டிகிரி, 1 நிமிடம். சிமெண்டின் உச்சச் சூடு நிற்பது சில நிமிடங்கள். அதற்குள் எலும்பினூடே வெப்பம் நடக்கும் தூரம் மில்லிமீட்டர் கணக்குதான், அதுவும் தள்ளிப்போகப் போகத் தணிந்துகொண்டே. சின்னக் குழியில் இன்னும் குறைவு. எலும்பின் இடுக்கில் நழுவிய கட்டித் துணுக்கை இந்தச் சூடு தேடிப்போய்ப் பிடிக்கும் என்று நம்பி யாரும் கட்டியைச் சுரண்டும் கரண்டியைச் சீக்கிரம் கீழே வைப்பதில்லை. சுழலும் பர் கருவியால் குழியின் சுவரையும் வழித்து எடுக்கிறார்கள். கட்டி திரும்பாமல் காப்பதில் பெரும்பங்கு அந்தக் கைவேலைக்குத்தான் என்பது என் தீர்ப்பு. சூடு உபரி லாபம்.

நம்பிக்கை: அப்படியானால் மூட்டுக்கு ஆபத்தே இல்லை.

கட்டி மூட்டின் விளிம்புவரை அரித்திருந்தால், சிமெண்டுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே முட்டை ஓடுபோல மெல்லிய எலும்புதான் மிஞ்சும். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கு. சில அறுவை நிபுணர்கள் குருத்தெலும்புக்கு அடியில் முதலில் ஒட்டெலும்பைப் பரப்பி, அதன் மேல்தான் சிமெண்ட் வைப்பார்கள். அந்த அடுக்கு சூட்டையும் தடுக்கிறது.

நம்பிக்கை: கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பலருக்கும் கணினி வரைந்த சிவப்பு, மஞ்சள் படத்தைக் கண்டால் ஒரு பக்தி. ரத்தம் சூட்டை எடுத்துச் செல்வதைக் கணக்கிட இன்றும் புழங்கும் சமன்பாடு, 1948இல் பென்னஸ் ஓய்வாக இருந்த மனிதர்களின் முன்கையை அளந்து எழுதியது. முழங்கால் அறுவையிலோ தொடையில் பட்டை கட்டி ரத்தத்தையே நிறுத்திவிடுவது வழக்கம்! சமன்பாட்டில் ரத்த ஓட்டத்துக்கான பகுதியை அப்படியே விட்டுவைத்தால், ஓடாத ரத்தம் எலும்பைக் குளிர்விப்பதாகக் கணக்கு காட்டும். திசு எப்போது சாகிறது என்ற சூத்திரமும் 1947இல் பன்றித் தோலைச் சுட்டுப் பார்த்த ஆய்வுகளிலிருந்து கிளம்பியது. தோல் எலும்பாகாது. ஆகவே மாதிரி தரும் டிகிரி எண்ணைவிட, எது கூடினால் எது குறையும் என்று அது காட்டும் போக்கைத்தான் நான் நம்புவேன்.

சிமெண்டில் பேரியம் சல்ஃபேட் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பதால் எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். கட்டி திரும்பினால் அந்த வெள்ளையின் ஓரத்தில் எலும்பு கரைந்து கறுப்புத் திட்டு விழும். திரும்புவது பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளில். சூட்டைப் பற்றிய பயத்தையும் தைரியத்தையும் ஓரமாக வையுங்கள். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதியில் படம் எடுக்கப் போய்விடுங்கள்.