பட்டடையும் எழுதுகோலும்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கும் ஓசூர் நகரின் தொழிற்பட்டறைகளில், இரும்புத் தகட்டை வளைத்தும் பற்றவைத்தும் பிழைப்போரை நாள்தோறும் காணலாம். கரியும் எண்ணெயும் படிந்த அக்கைகள் எழுதுகோலையும் ஏந்தவல்லன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மாணவர்களே! பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்து ஊர் ஊராய்த் திரிந்த தொழிலாளி ஒருவர், உலகின் பல மொழிகளிலும் பெயர்க்கப்பெற்ற நூலொன்றை இயற்றினார். அவர் பெயர் ஜான் பனியன்.

பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-ஆம் ஆண்டில் பனியன் பிறந்தார். தந்தையாரின் தொழிலே அவருக்கும் வாய்த்தது. பள்ளியிற் கற்றது சிறிதளவே. அவர் முதுகிற் சுமந்து திரிந்த பட்டடை இன்றும் இருக்கிறது. அதில் அவருடைய பெயரும் 1647 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. இளமையிலேயே தம் பெயரை இரும்பில் வெட்டிவைத்தவர் அவர்! இதனைச் செருக்கு என்பதா, தொழிலாளிக்கு உரிய பெருமிதம் என்பதா? பிற்காலத்தில் இதே வினாவை அவர் தம் உள்ளத்தோடு பலமுறை தொடுத்துப் போராட நேர்ந்தது.

பனியன் சமயச் சொற்பொழிவாளரானார். அவர் நாவன்மைக்கு மக்கள் மயங்கினர். ஒருநாள் அவர் பேசி முடித்ததும் அன்பர் ஒருவர், "எத்துணை இனிய சொற்பொழிவு!" என்று பாராட்ட, "மேடையை விட்டு இறங்குமுன்பே சாத்தான் எனக்கு அதனைச் சொல்லிவிட்டான்" என்று பனியன் விடையிறுத்தார் என ஒரு செய்தி வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, 1666-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், தம் ஆற்றலை எண்ணித் தம் நெஞ்சம் தருக்குற முயன்றதை அவரே ஒளியாது கூறியுள்ளார். அதற்கு அவர் கண்ட மருந்து புதுமையானது. இன்னிசை எழுப்பும் இசைக்கருவிக்கு உயிரில்லை. உயிருள்ள மிகச் சிறிய பிராணியும் அதனினும் மேம்பட்டதன்றோ? அங்ஙனமாயின், நாவன்மையென்னும் கருவியாய் மட்டும் இருப்பதிற் செருக்குறுவதற்கு என்ன இருக்கிறது? இவ்வாறு அவர் தம்மைத் தாமே இடித்துரைத்துக் கொண்டார்.

எனினும், இவரைத் தலை தாழ்த்தி ஒதுங்கும் இயல்பினர் என்று கருதிவிடலாகாது. அரசின் இசைவின்றிச் சமயம் போதித்தமைக்காக 1660-இல் இவர் சிறைப்பட்டார். 'இனிப் போதியேன்' என்று ஒரு சொல் சொல்லியிருப்பின் விடுதலை கிடைத்திருக்கும். வீட்டிலோ, கண்ணொளியற்ற மகள்! அவளை எண்ணி உள்ளம் உருகினார். ஆயினும் அச்சொல்லைச் சொன்னாரில்லை. காலணிக்கு உரிய கயிறுகளைச் சிறையிலிருந்தே செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். 1672 வரை, ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

மோட்ச நகரை நோக்கிச் செல்லும் யாத்திரிகன் ஒருவனின் கதையாகிய அவருடைய பெருநூல் 1678-இல் வெளிவந்தது. கல்வியறிவு குறைந்த ஒருவர் இதனை எழுதியிருக்க இயலாதெனச் சிலர் ஐயுற்றனர். 1682-இல் வெளிவந்த மற்றொரு நூலின் இறுதியில், அந்நூலின் பொருளும் நடையும் தம்முடையனவே என்று அவர் அழுத்தந்திருத்தமாக உரைத்தார். தற்புகழ்ச்சிக்கு அஞ்சியவர் இங்ஙனம் உரைத்தது முரணாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உண்மையை மறைப்பது பணிவாகாது.

அந்நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. யாத்திரிகன், முன்னே சென்ற தோழனை ஓடி முந்துகிறான். முந்தியதும் அவன் முகத்தில் இறுமாப்பு நகை ஒன்று அரும்புகிறது. மறுகணமே கால் இடறி வீழ்கிறான். பின்தங்கிய தோழனே வந்து கைகொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. மேடையேறிய பனியனை அறிந்தவர்க்கு அந்நகை யாருடையது என்பது விளங்கும். நூலில் பணிவின் பள்ளத்தாக்கு என்றோர் இடமும் வருகிறது. முதற்பகுதியில் யாத்திரிகன் அதனுள் இறங்கும்போதே வழுக்குகிறான். பின்னர்க் கொடிய பகைவனொருவனோடு பொருகிறான். 1684-இல் வெளிவந்த இரண்டாம் பகுதியிலோ, அதே பள்ளத்தாக்கு பசும்புல் செழித்த வளநிலமாகக் காட்சி தருகிறது. ஆட்டிடையச் சிறுவன் ஒருவன் அங்கே பாடிக்கொண்டிருக்கிறான்.

அந்நூல் தமிழகத்தையும் வந்தடைந்தது. 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பன் கவியில் தோய்ந்து, தமிழாசிரியராய் விளங்கியவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-இல் கிறிஸ்தவ சமயம் தழுவிய அவர், பனியன் உரைநடையில் எழுதிய கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றினார். அது 1894-இல் நூலாயிற்று. அதன் பாடல்கள் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவை. இலக்கணக் கடலை நீந்திய புலவர், பாத்திரம் அடைத்த தொழிலாளியின் நூலைத் தம் வாழ்நாட் பணிக்கு முதலாகக் கொண்டது எளிய செய்தியன்று. காப்பியத்தின் இடையிடையே வரும் இசைப்பாக்கள் 'தேவாரம்' என்னும் பெயரால் வழங்குகின்றன. அவற்றைப் பாடுவோர் பலர். பாடும்போது பட்டடை சுமந்த முதுகை நினைப்பவர் எத்துணைப் பேரோ!