மூவகைப் பொய் என்னும் வாசகத்தின் மூலம்

பொய், பெரும்பொய், புள்ளிவிபரம் எனப் பொய் மூவகைப்படும் என்னும் ஆங்கில வாசகம் எம் மாணவரின் விவாத மேடைகளிலே பெரிதும் பயின்று வருவது. கூறியவர் யாரென வினவின், மார்க் துவெயின் என்பர் சிலர். இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த டிசுரேலி என்பர் பலர்.

துவெயின் அதனைத் தமதென்று உரிமை கொண்டாடினாரல்லர். 1907இல் வெளிவந்த தம் சுயசரிதைப் பகுதியிலே டிசுரேலியின் கூற்றென்றே எழுதினார். டிசுரேலியோ 1881இல் இறந்தவர். அவர் நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் தேடியோர் அதனைக் கண்டிலர். அவர் மறைந்து பத்தாண்டு கழிந்தபின், 1891 யூன் மாதத்தில், 'நாஷனல் ஒப்சேவர்' என்னும் வாரப்பத்திரிகைக்கு வந்த கடிதமொன்றிலே, எவரோ கூறியதாக, இக்கருத்துச் சிறிது வேறான சொற்களிலே தோன்றுகின்றது. அதற்கும் முன்னர், 1885 நவம்பரில், 'நேச்சர்' என்னும் விஞ்ஞான வாரவிதழ் வழக்கறிஞர் ஒருவரின் பகுப்பை எடுத்துரைத்தது: சாட்சிகள் பொய்யர், பெரும்பொய்யர், நிபுணர் என மூவகையினராம்! நீதிமன்றத்திலே நிபுணர் இருந்த ஆசனத்தைப் பின்னர்ப் புள்ளிவிபரம் பற்றிக்கொண்டது போலும். தாய் தந்தை அறியாத வாசகத்துக்குப் பெரியோர் பெயரைச் சூட்டுதல் ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. ஆசிரியர் அறியாத தனிப்பாடலை ஔவையார் பெயரில் ஏற்றிவிடுவோர் நம்மவரிலும் உளர்.

1895இல் அமெரிக்காவிலுள்ள சரட்டோகாவிலே பேசிய லெனாட் கோட்னி என்னும் ஆங்கில அரசியலறிஞரும் இவ்வாசகத்தை எடுத்தாண்டார். சொன்னவர் பெயரைச் சுட்டினாரல்லர். ஆயின் அவர் அதனை எடுத்தது மறுத்தற்பொருட்டேயாம். நகைத்துக்கொண்டு இதனைச் சொன்னாலும், எளியோர்க்கும் விளங்குவனவாய், வல்லோரும் தப்பவியலாதனவாய்ச் சில எண்கள் உள என்பதே அவர் துணிபு. ஈராண்டின்பின் அவரே இலண்டன் இராசரீகப் புள்ளிவிபரக் கழகத்துக்குத் தலைவராயினார். வாசகத்தை மட்டும் முழங்கும் இளைஞர் இதனையும் அறிதல் வேண்டும்.

நாம் இதனை வற்புறுத்தக் காரணமுண்டு. 1901ஆம் ஆண்டின் இலங்கைக் குடிசன மதிப்பை நடத்தி, அதன் அறிக்கையை எழுதியவர் பொன்னம்பலம் அருணாசலம். அத்தகையோர் வளர்த்த எண்ணற்பணி 1981க்குப் பின் போரினாலே தடைப்பட்டது. 1991இல் நாடெங்கணும் நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது யாழ்ப்பாண மாவட்டத்துக்கு வரவில்லை. மீண்டும் எம்மை எண்ணியது 2012இலேதான். இடைப்பட்ட முப்பத்தோராண்டிலே ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் இருந்து எத்துணை மக்கள் இடம்பெயர்ந்தனர்! எத்தனை குடும்பம் போயிற்று, எத்தனை பிள்ளைகள் பள்ளி மாறினர் என ஒருவர் தொகை கூறினால் மற்றொருவர் பொய்யென்பார். நாட்டுதற்கும் மறுத்தற்கும் குடிசன மதிப்பின் ஏடு எம் கையில் இருக்கவில்லை.