விண்மீனைத் தொடரும் சிறு மோட்டார்

(பத்தாம் வகுப்பு மாணவி)

மோட்டார் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது. மின்விசிறி, கிரைண்டர், தண்ணீர் இறைக்கும் பம்பு ஆகிய யாவும் மோட்டாரால் இயங்குகின்றன. இவை வேகமாகச் சுழன்றால் போதும். எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று நாம் கேட்பதில்லை. ஆனால், "இவ்வளவு திரும்பு, அங்கேயே நில்" என்று கட்டளையிட வேண்டிய வேலைகளும் உண்டு. அத்தகைய வேலைக்கு மோட்டாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, விண்மீன்களைப் படம் பிடிக்கும் கேமராத் தாங்கி ஒன்றைச் செய்ய நாங்கள் அறுவர் முன்வந்தபோது இக்கேள்வி எழுந்தது. எங்களிடம் சேர்ந்த பணம் ஒரே ஒரு மோட்டாருக்குத்தான் போதும். ஆகவே வாங்கும் முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியமாயிற்று.

காவலூரும் முத்தோரையும்

பூமி தன்னைத் தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. இதனால் வானம் நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. தொலைநோக்கியும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்பினால்தான் விண்மீன் பார்வையில் நிலைத்து நிற்கும். ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று வைணு பாப்புவின் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தப் பெரும் இயந்திரமும் இவ்வாறே மெல்லத் திரும்புகிறது.

உதகை அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் முடிக்கப்பெற்ற ரேடியோ தொலைநோக்கி இன்னும் வியப்பானது. அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அவ்விடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சரிந்த மலைச்சரிவைத் தேடி அதில் நிறுவியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக உள்ளது. ஓர் அச்சில் திருப்பினாலே போதும். நம் துறையூரின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையே! எனவே எங்கள் தாங்கியின் அச்சையும் வடக்கு நோக்கி 11 பாகை உயர்த்தி வைக்க வேண்டும்.

மூவகை மோட்டார்கள்

1. சாதாரண டி.சி. மோட்டார்: மலிவானது. ஆனால் தான் எங்கே நிற்கிறது என்பதை அது அறியாது. 'என்கோடர்' என்னும் அளவியைப் பொருத்தி, பிழையைக் கண்டு திருத்தும் சுற்றும் அமைத்தால் மிகத் துல்லியமாக இயங்கும். செலவும் சிக்கலும் கூடும்.

2. பொம்மை விமானங்களில் உள்ள சிறு சர்வோ: தன் நிலையைத் தானே அளந்து திருத்திக் கொள்ளும். எனினும் பெரும்பாலும் 180 பாகைக்குள்தான் திரும்பும். நுண்ணிய அசைவுக்கு ஏற்றதன்று.

3. ஸ்டெப்பர் மோட்டார்: இதன் கம்பிச்சுருள்களுக்கு வரிசையாக மின்சாரம் கொடுக்கும்போது நடுவிலுள்ள காந்தம் படிப்படியாக நகரும். ஒரு துடிப்புக்கு ஒரு படி. ஒரு படி 1.8 பாகை எனில் ஒரு சுற்றுக்கு 200 படிகள். துடிப்புகளை எண்ணினாலே நிலை தெரிந்துவிடும்.

மெதுவான, சீரான, சுமை மாறாத வேலைக்கு மூன்றாவதே பொருத்தம் எனத் தேர்ந்தோம்.

கணக்கு

ஒரு பாகைக்கு 3,600 கோண வினாடிகள். வானம் நொடிக்கு 15 கோண வினாடி நகர்கிறது. 50 மி.மீ. லென்சும் 4 மைக்ரான் படப்புள்ளியும் கொண்ட கேமராவில் ஒரு புள்ளி சுமார் 16 கோண வினாடியைக் காட்டும். ஆகவே மோட்டாரின் ஒவ்வொரு அசைவும் இதைவிடச் சிறியதாக இருத்தல் வேண்டும்.

டிரைவர் அட்டை ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரிக்கிறது. 200 × 16 = 3,200. அப்போதும் ஒரு நுண்படி 405 கோண வினாடி! விண்மீன் புள்ளியாக அல்ல, கோடாகவே விழும். 144 பற்கள் கொண்ட வார்ம் கியரைச் சேர்த்தால், 3,200 × 144 = 4,60,800 நுண்படிகள். ஒன்றின் அளவு 2.8 கோண வினாடி மட்டுமே. பூமியின் சுழற்சி நேரமாகிய 86,164 வினாடியை இதனால் வகுத்தால், சுமார் 187 மில்லி வினாடிக்கு ஒரு துடிப்பு தர வேண்டும் என்று விடை வருகிறது. 24 மணி நேரம் என்று தவறாக எடுத்துக்கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 148 கோண வினாடி பின்தங்கிவிடும். நான்கு நிமிட வேறுபாடு என்று அலட்சியம் செய்யலாகாது!

கவனிக்க வேண்டியவை

துடிப்பைத் தருவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் அட்டை. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருவது டிரைவர். டிரைவரிலுள்ள சிறு திருகால் மின்னோட்டத்தை மோட்டாரின் அளவுக்கு மிகாமல் வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோட்டாரின் கம்பியைக் கழற்றினால் டிரைவர் பழுதாகும். ஸ்டெப்பர் நின்ற நிலையிலும் மின்சாரம் உண்ணும், ஆதலால் சூடாகும்.

சுமை அதிகமானால் ஸ்டெப்பர் படி தவறும். தவறியதைத் தானே அறியாது. எனவே கேமராவை அச்சின் இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு பொருத்த வேண்டும். முற்றும் சமமாக்காமல் ஒரு பக்கம் சற்றே கனமாக விட்டால், பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி, பல்லிடைவெளியால் வரும் ஆட்டம் நீங்கும். நுண்படிகள் எண்ணிக்கையில் மிகுந்தாலும் உராய்வு மிகுந்தால் பயனில்லை என்பதையும் மறக்கலாகாது.

முடிவுரை

"எது சிறந்த மோட்டார்?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எவ்வளவு நகர வேண்டும், எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம், எவ்வளவு சுமை என்ற மூன்றையும் முதலில் எழுதிக் கொண்டால், கணக்கே விடையைச் சொல்லிவிடும். தோழியரே, கண்காட்சியன்று எங்கள் மேசைக்கு வாருங்கள். 187 மில்லி வினாடிக்கு ஒரு முறை கேட்கும் அந்த மெல்லிய 'டிக்' ஓசையில் பூமி சுழல்வதை நீங்களும் கேட்கலாம்!